‘அபௌட் எ பாய்’ சிறுவன் லெக்ஸ் லூதர் ஆனது எப்படி?

2025இல் பிரிட்டனின் குழந்தை நடிகர்களைப் பற்றி மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மே மாதம், ஹெச்பிஓ எடுக்கும் புதிய ஹாரி பாட்டர் தொடருக்கு மூன்று குழந்தைகளைத் தேர்ந்தெடுத்திருப்பதாக அறிவித்தார்கள். ஆடிஷனுக்கு வந்தவர்கள் 32,000 பேருக்கும் மேல். செப்டம்பரில், ‘அடோலசன்ஸ்’ என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடருக்காக ஓவன் கூப்பர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். வயது 15. நடிப்புக்காக எம்மி வாங்கிய ஆண்களில் அவரைவிடச் சின்னவர் யாரும் இல்லை.

இரண்டுக்கும் நடுவில், ஜூலையில் ‘சூப்பர்மேன்’ வெளியானது. அதில் மொட்டைத் தலையோடு வில்லன் லெக்ஸ் லூதராக வந்தவர் நிக்கோலஸ் ஹோல்ட். 2002இல் ஹ்யூ கிராண்டோடு ‘அபௌட் எ பாய்’ படத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டிய மாதிரி கிராப்போடு நடித்த அதே 12 வயதுப் பையன்.

முதல் இரண்டு செய்திகளைப் படித்தவர்கள் உடனே கேட்பது, “இந்தப் பிள்ளைகள் பத்து வருஷம் கழித்து என்ன ஆவார்கள்?” என்பதுதான். அதற்கு “திறமை இருந்தால் வருவார்கள்” என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். அது பாதி பதில்கூட இல்லை. திறமை இருந்தும் காணாமல் போனவர்கள் நிறைய. குழந்தை வேடத்திலிருந்து பெரியவர் வேடத்துக்கு நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைச் சட்டம் ஒரு பக்கம் வெட்டுகிறது, சந்தை இன்னொரு பக்கம் வெட்டுகிறது. பிரிட்டனில் அதன் மேல் சில பாலங்களும் உண்டு. ஹோல்ட் அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நடந்து போனவர் என்பதால் அவருடைய கதையையே எடுத்துக்கொள்ளலாம்.

குழந்தை நடிகர் என்று சட்டம் யாரைச் சொல்கிறது

சினிமா பேச்சில் ‘குழந்தை நட்சத்திரம்’ என்பதற்கு எல்லை கிடையாது. இங்கிலாந்துச் சட்டத்தில் உண்டு. ஒரு பிள்ளை கட்டாயப் பள்ளி வயதைத் தாண்டும் வரை, அதாவது 16 வயது நிறையும் கல்வியாண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரை, அவர் நடிக்க வேண்டுமென்றால் உரிமம் வேண்டும். பிறந்தநாளுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. டிசம்பரில் 16 நிறைந்தாலும் ஜூன் வரை சட்டத்தின் கண்ணில் அவர் குழந்தைதான். (18 வயது வரை ஏதாவது ஒரு படிப்பிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது வேறு விதி. அது நடிப்பு உரிமத்தைத் தொடாது.)

இந்த ஏற்பாட்டின் வேர் 1933, 1963ஆம் ஆண்டுகளின் சிறார் சட்டங்களில் இருக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ள விரிவான விதிகள் 2014இல் எழுதப்பட்டு 2015 பிப்ரவரியில் அமலுக்கு வந்தவை. ஹோல்ட் சிறுவனாக நடித்தபோது 1968இன் பழைய விதிகள் இருந்தன. மணிக்கணக்குகள் மாறியிருந்தாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். இன்றைய விதிகளில் நமக்கு முக்கியமானவை இவை:

1. உரிமம் தருவது திரைப்படத் துறையோ மத்திய அரசோ இல்லை. பிள்ளை எந்த ஊரில் வசிக்கிறதோ அந்த ஊரின் உள்ளாட்சி மன்றம். ஹாலிவுட் கம்பெனியாகவே இருந்தாலும் அந்த ஊர் மன்றத்துக்குத்தான் விண்ணப்பம் போட வேண்டும்.

2. ஒன்பது வயதிலிருந்து பள்ளி வயது முடியும்வரை, ஒரு நாளில் படப்பிடிப்புத் தளத்தில் அதிகபட்சம் ஒன்பதரை மணி நேரம் இருக்கலாம். அதில் நடிப்பும் ஒத்திகையும் சேர்த்து 5 மணி நேரம். ஐந்திலிருந்து எட்டு வயது வரை தளத்தில் 8 மணி, நடிப்பு 3 மணி. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் தளத்தில் 5 மணி, நடிப்பு 2 மணி. ஐந்து வயதுக்கு மேல் இரவு 11 மணிக்குப் பிறகு வேலை கிடையாது.

3. பள்ளி நாளில் படப்பிடிப்பு வைத்தால் தளத்திலேயே ஆசிரியர் வைத்துப் பாடம் நடத்த வேண்டும். நாளுக்கு 3 மணி நேரப் பாடம்.

4. பெற்றோரோ அவர்களுக்குப் பதிலாக ‘ஷாபரோன்’ ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். ஷாபரோன் என்றால் உள்ளாட்சி மன்றம் சரிபார்த்து அனுமதித்த காவலர். ஒருவர் அதிகபட்சம் 12 பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். நேரம் முடிந்தது என்று அவர் எழுந்தால் இயக்குநர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கேமராவை நிறுத்த வேண்டியதுதான்.

5. பணம். கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகரின் சம்பளத்தில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டாக வேண்டும். சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகன் பெரியவனான பிறகு, சம்பாதித்ததையெல்லாம் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டதைக் கண்டுபிடித்து வழக்குப் போட்டார். அதன் விளைவாக 1939இல் வந்த சட்டத்தின் இன்றைய வடிவம் அது. இங்கிலாந்தில் அப்படிக் கட்டாயம் இல்லை. பணத்தில் ஒரு பகுதியைப் பிள்ளையின் பேரில் சேர்த்து வை என்று உள்ளாட்சி மன்றம் உரிமத்தில் நிபந்தனை போடலாம்; போடாமலும் இருக்கலாம். இது ஒரு ஓட்டை என்றுதான் எனக்குப் படுகிறது.

பாதுகாப்பு விதியே பள்ளம் தோண்டும் விதம்

இந்த விதிகள் பிள்ளைகளைக் காப்பாற்றுகின்றன, சந்தேகமில்லை. ஆனால் தயாரிப்பாளரின் கணக்குப் புத்தகத்தில் அவை வேறு மாதிரி தெரியும்.

பத்து வயதுப் பாத்திரம் இருந்தால் பத்து வயதுப் பிள்ளையைத்தான் போட முடியும். வேறு வழியில்லை. எனவே நாளைக்கு 5 மணி நேரம் என்பதைச் சகித்துக்கொண்டு அட்டவணை போடுவார்கள். பாத்திரத்தின் வயது 15 என்றால் கணக்கு மாறிவிடும். நிஜமான 15 வயதுப் பையனுக்கு ஆசிரியர் வேண்டும், ஷாபரோன் வேண்டும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க விட முடியாது. ஆனால் 19 வயது இளைஞன் ஒருவனுக்குப் பள்ளிச் சீருடை போட்டுவிட்டால் இத்தனையும் மிச்சம். அதனால்தான் திரையில் வரும் பள்ளி மாணவர்களுக்கு இவ்வளவு நேர்த்தியான தாடை எலும்பு இருக்கிறது.

இதன் விளைவு, 13 வயதிலிருந்து 17 வரையான காலம் குழந்தை நடிகருக்கு வறட்சி. குரல் உடைகிறது, கைகால் நீள்கிறது, முகம் மாறுகிறது, மக்களுக்குப் பிடித்திருந்த அந்த முகம் கண்ணாடியில் இல்லை. புதிய முகத்துக்கு ஏற்ற வேடங்களை மூத்தவர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கூடவே இன்னொரு சிக்கல், ‘டைப்காஸ்ட்’. அதாவது ஒரே பாத்திரத்தோடு நடிகரை ஒட்டிவைத்துப் பார்ப்பது. பார்வையாளர் மனதில் பழைய முகம் உறைந்து கிடக்கும். புதிய முகத்தைப் பார்த்ததும், “அடடா, அந்தப் பையனா இவன்? எப்படி வளர்ந்துட்டான்!” என்பார்கள். அப்படிச் சொல்லும் நொடியில் அவர்கள் கதையை விட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். இயக்குநர்கள் பயப்படுவது இதற்குத்தான்.

சின்ன வேடங்களின் நாடு

ஹோல்ட் பிறந்தது 1989 டிசம்பர் 7, பெர்க்‌ஷயரில் உள்ள வோக்கிங்ஹாம். அப்பா விமானி, அம்மா பியானோ ஆசிரியை. 1930, 40களின் பெரிய நட்சத்திரமான ஆனா நீகிள் அவருடைய பெரிய அத்தைப்பாட்டி முறை. ஆனால் வாய்ப்பு அந்த உறவால் வந்ததாகச் சொல்லப்படுவதில்லை. மூன்று வயதில் அண்ணன் நடித்த நாடகத்தை அசையாமல் உட்கார்ந்து பார்த்த பிள்ளையை அந்த நாடக இயக்குநர் கவனித்தாராம். நடிப்பை விட்டுவிட்டு, பார்க்கும் திறமைக்காக ஒருவரைக் கண்டுபிடித்த கதை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் படம் 1996இல் ‘இன்டிமேட் ரிலேஷன்ஸ்’. அப்போது ஆறு வயது. அதன் பிறகு ‘கேஷுவல்ட்டி’ போன்ற தொலைக்காட்சித் தொடர்களில் சின்னச் சின்ன வேடங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பிரிட்டனின் முதல் பாலம் இங்கேதான் இருக்கிறது. ‘கேஷுவல்ட்டி’ 1986இல் பிபிசி ஆரம்பித்த மருத்துவமனைத் தொடர். வாராவாரம் புது நோயாளிகள், புதுக் குடும்பங்கள். அப்படியென்றால் வாராவாரம் காயம்பட்ட ஒரு சிறுவனோ, படுக்கை ஓரம் அழும் ஒரு மகளோ தேவை. போலீஸ் தொடர்களும் அப்படியே. இவற்றில் நடிக்கும் பிள்ளை இரண்டு மூன்று நாள் தளத்துக்குப் போய்விட்டுத் திங்கள்கிழமை பள்ளிக்குத் திரும்பிவிடும். யாரும் தெருவில் அடையாளம் கண்டு கையெழுத்துக் கேட்க மாட்டார்கள். ஆனால் கேமரா எங்கே இருக்கிறது, எதைப் பார்க்கக் கூடாது, ஒரே வசனத்தை எட்டாவது முறை எப்படிப் புதிதாகச் சொல்வது என்பதெல்லாம் உடம்பில் ஏறிவிடும். புகழ் இல்லாத பயிற்சி என்று சொல்லலாம்.

நிலவியலும் உதவுகிறது. வோக்கிங்ஹாமிலிருந்து லண்டன் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பைன்வுட், ஷெப்பர்டன், லீவ்ஸ்டன் ஆகிய பெரிய ஸ்டுடியோக்கள் எல்லாம் லண்டனைச் சுற்றியே இருக்கின்றன. நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டு நகரத்தின் நடுவில். அமெரிக்காவில் சினிமாவுக்கு லாஸ் ஏஞ்சலிஸ், மேடைக்கு நியூயார்க் என்று கண்டத்தின் இரண்டு கரைகள். இங்கே ஒரு குடும்பம் வீட்டை மாற்றாமல், பள்ளியை மாற்றாமல் பிள்ளையை இரண்டுக்கும் அனுப்ப முடியும். நடிப்புக்கென்றே இருக்கும் பள்ளிகளும் உண்டு. ஹோல்ட் சிறிது காலம் லண்டனின் சில்வியா யங் நாடகப் பள்ளியில் படித்தார்.

12 வயதில் வந்த பெரிய வேடம்

2002இல் ‘அபௌட் எ பாய்’. கிறிஸ் வைட்ஸ், பால் வைட்ஸ் என்ற சகோதரர்கள் இயக்கியது. மனச்சோர்வில் தவிக்கும் தாயோடு வாழும் மார்கஸ் என்ற சிறுவன், வேலைவெட்டி இல்லாத பணக்காரன் ஒருவனுடைய வாழ்க்கைக்குள் நுழைகிறான். அந்தப் பணக்காரன் ஹ்யூ கிராண்ட், தாய் டோனி கோலெட். படம் நன்றாக ஓடியது, ஆஸ்கருக்கு அதன் திரைக்கதை பரிந்துரைக்கப்பட்டது.

இந்த வேடத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். மார்கஸ் அழகான பிள்ளை இல்லை, சுட்டிப் பிள்ளையும் இல்லை. பொருந்தாத ஸ்வெட்டர், மேல்நோக்கிச் சாய்ந்த புருவம், பள்ளியில் அடிவாங்கும் முகம். பார்வையாளர்கள் அவனைக் கொஞ்சவில்லை, அவனுக்காகக் கவலைப்பட்டார்கள். கன்னத்துக் குழியை நம்பி ஜெயித்த பிள்ளைக்குக் கன்னம் ஒட்டியதும் மூலதனம் போய்விடும். சங்கடத்தை நம்பி ஜெயித்த பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை. சங்கடம் வயதோடு வளரக்கூடியது.

இன்னொன்று: படத்துக்கு இரண்டாம் பாகம் இல்லை. இது அப்போது ஒரு நஷ்டமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் அதே நேரத்தில் லீவ்ஸ்டனில் இன்னொரு சிறுவன் எட்டுப் படங்களுக்குள் நுழைந்திருந்தான்.

2007 ஜனவரியும் பிப்ரவரியும்

டேனியல் ராட்கிளிஃப் பிறந்தது 1989 ஜூலை 23. ஹோல்டைவிட ஐந்து மாதம்கூட மூத்தவர் இல்லை. 1999இல் பிபிசியின் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’, பிறகு 2001 முதல் 2011 வரை எட்டு ஹாரி பாட்டர் படங்கள். இரண்டு பிள்ளைகள், ஒரே நாடு, ஒரே வயது, ஒரே சட்டம். வித்தியாசம் ஒன்றுதான். மார்கஸ் ஹோல்டிடம் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போய்விட்டான். ஹாரி ராட்கிளிஃபை விட்டுப் போகவே இல்லை.

இருவரும் பள்ளத்தைத் தாண்டிய தேதிகள் ஆச்சரியமானவை. 2007 ஜனவரி 25 அன்று ஈ4 என்ற சேனலில் ‘ஸ்கின்ஸ்’ தொடர் ஆரம்பமானது. ஹோல்ட் அதில் டோனி ஸ்டோனெம். பிப்ரவரியில் லண்டன் கீல்குட் அரங்கில் ‘ஈக்வஸ்’ நாடகம் மேடையேறியது. ராட்கிளிஃப் அதில் குதிரைகளின் கண்ணைக் குத்தும் ஆலன் ஸ்ட்ராங். இருவருக்கும் வயது 17. இடைவெளி சில வாரங்கள்.

ராட்கிளிஃப் செய்தது வெடிவைப்பு. நிர்வாணக் காட்சி உள்ள வேடம் அது. பாட்டர் படங்கள் இன்னும் முடியாத நிலையில் அதை ஏற்றார். பிரிட்டிஷ் பத்திரிகைகள் வாரக்கணக்கில் அதையே எழுதின. அவருக்கு வேறு வழி இருந்ததா? இருந்திருக்காது என்று நினைக்கிறேன். உலகம் முழுக்கத் தெரிந்த முகத்துக்குச் சத்தமில்லாமல் மாறும் வசதி கிடையாது. சின்ன வேடம் ஒன்றில் ஓரமாக நின்றால்கூட, “அதோ ஹாரி பாட்டர்” என்பார்கள். எனவே பழைய பிம்பத்தை எல்லோரும் பார்க்க உடைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் மேடை, சிறிய படங்கள், வினோதமான வேடங்கள் என்று நீண்ட வழியில் நடந்து, 2024இல் ‘மெரிலி வி ரோல் அலாங்’ இசை நாடகத்துக்காக அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது வாங்கினார். பாட்டரின் பணம் கையில் இருந்ததால் சம்பளத்தைப் பார்க்காமல் வேடத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வசதி எல்லோருக்கும் வராது.

ஹோல்டின் வழி வேறு. அதற்கு ‘ஸ்கின்ஸ்’ எப்படிப்பட்ட தொடர் என்று தெரிய வேண்டும்.

‘ஸ்கின்ஸ்’ ஏன் ஒரு திருப்பம்

பிரையன் எல்ஸ்லியும் அவர் மகன் ஜேமி பிரிட்டனும் உருவாக்கிய தொடர் இது. பிரிஸ்டல் நகரத்தில் 16, 17 வயதுப் பிள்ளைகளின் கதை. மேலே சொன்ன தாடை எலும்புக் கணக்கை இவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பாத்திரத்தின் வயதுக்கு நெருக்கமான வயதுள்ளவர்களையே நடிக்க வைத்தார்கள். இரண்டு ஆண்டு முடிந்ததும் பாத்திரங்கள் பள்ளியை முடிப்பார்கள். கூடவே பெரும்பாலான நடிகர்களும் தொடரை விட்டுப் போவார்கள், புதுக் கூட்டம் வரும்.

சரி, இது சட்டத்தோடு எப்படிப் பொருந்துகிறது? 1989 டிசம்பரில் பிறந்த ஹோல்டுக்குக் கட்டாயப் பள்ளி வயது முடிந்தது 2006 ஜூன் 30, வெள்ளிக்கிழமை. அன்றோடு ஐந்து மணி நேர வரம்பு இல்லை, தளத்து ஆசிரியர் இல்லை, ஷாபரோன் இல்லை. அதிலிருந்து ஏழு மாதத்துக்குள் ‘ஸ்கின்ஸ்’ திரையில். சட்டம் அவரைப் பெரியவராக விடுவித்த கையோடு, நிஜமான 17 வயதுக்காரரைத் தேடும் ஒரு தொடர் அங்கே காத்திருந்தது. ஒரு ஆண்டு முன்னே பின்னே பிறந்திருந்தால் இது இப்படி அமைந்திருக்குமா தெரியாது. ராசி என்று சிலர் சொல்வார்கள். நான் காலண்டர் என்பேன்.

வேடமும் சரியான வேடம். டோனி அழகன், புத்திசாலி, நண்பர்களைக் காய்போல நகர்த்தும் கொடூரன். பள்ளியில் அடிவாங்கிய மார்கஸ் இப்போது அடிக்கிற பக்கம் வந்துவிட்டான். முதல் பருவத்தின் முடிவில் டோனி பேருந்தில் அடிபடுகிறான். இரண்டாம் பருவம் முழுக்க மூளைக் காயத்திலிருந்து மீளும், பேனா பிடிக்கவே திணறும் இளைஞன். ஒரே பாத்திரத்தில் ஆணவமும் உடைவும். இரண்டே ஆண்டில் ஒரு நடிகர் தன் முழு வீச்சையும் காட்டிவிட்டு வெளியேறிவிட்டார். ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு டோனி அவரிடம் தங்கவில்லை. ‘பாட்டர்’ மாதிரித் தொடரும் வெற்றி தரமுடியாத ஒன்றை, முடிவுத் தேதி உள்ள வேடம் தந்தது.

அந்த முதல் கூட்டத்தில் இருந்த தேவ் படேல் 2008இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ நாயகன் ஆனார். டேனியல் கலூயா 2021இல் ஆஸ்கர் வாங்கினார். ஆனால் இதை மட்டும் சொன்னால் ஏமாற்றுவதாகும். அதே கூட்டத்தில் இருந்து, அதே அளவு நன்றாக நடித்து, பிறகு பெரிய திரைக்குப் போகாதவர்களும் உண்டு. பாலம் இருந்தால் எல்லோரும் கடந்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. ஜெயித்தவர்களின் பெயர் மட்டும் நம் கண்ணில் படுவதால் பாலம் உண்மையில் இருப்பதைவிட அகலமாகத் தெரிகிறது.

முகத்தை ஒளித்துவைத்த பத்தாண்டு

‘ஸ்கின்ஸ்’ முடிந்ததும் ஹோல்ட் 2009இல் லண்டன் டிரஃபால்கர் ஸ்டுடியோஸ் அரங்கில் ‘நியூ பாய்’ நாடகத்தில் நடித்தார். அதே ஆண்டு டாம் ஃபோர்டின் ‘எ சிங்கிள் மேன்’. அந்த மாணவன் வேடத்துக்கு முதலில் இருந்தவர் ஜேமி பெல். ‘பில்லி எலியட்’ படத்துக்காக 14 வயதில் பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவின் சிறந்த நடிகர் விருது வாங்கிய இன்னொரு பிரிட்டிஷ் குழந்தை நட்சத்திரம். அவர் விலகியதால் ஹோல்டுக்குக் கிடைத்தது. சின்ன வேடம்தான், ஆனால் ஹாலிவுட்டின் கண்ணில் பட அது போதுமானதாக இருந்தது.

அடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேடிக்கையான ஒன்று தெரிகிறது:

1. 2011, ‘எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ்’. பீஸ்ட் என்ற பாத்திரம். முகம் முழுக்க நீல ரோமம். 2019 வரை இதே வேடத்தில் திரும்பத் திரும்ப வந்தார்.
2. 2013, ‘வார்ம் பாடீஸ்’. செத்துப்போன இளைஞன். வெளிறிய தோல், பேச்சு அதிகம் இல்லை.
3. 2015, ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’. நக்ஸ். மழித்த தலை, உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி, வெடித்த உதடு.
4. 2018, ‘த ஃபேவரிட்’. பதினெட்டாம் நூற்றாண்டு அரசியல்வாதி ராபர்ட் ஹார்லி. பெரிய பொய்முடி, முகப்பூச்சு.

மக்களுக்குப் பழக்கமான அந்த முகத்தை ஏதாவது ஒன்றுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். திட்டமிட்டுச் செய்தாரா என்பது முக்கியமில்லை, பலன் கிடைத்தது. நக்ஸ் திரையில் வரும்போது யாரும் ‘அபௌட் எ பாய்’ பையன் எப்படி வளர்ந்துவிட்டான் என்று சொல்லவில்லை, ஏனென்றால் பலருக்கு அது அவர்தான் என்றே தெரியவில்லை. நீல ரோமத்தைக் கழற்றிவிட்டு அவர் வெளியே வந்தபோது பழைய முகத்தை உலகம் மறந்திருந்தது. இருபது வயதுக்காரரின் முகம் முப்பதின் முகமாக மாறியதை யாரும் பார்க்கவில்லை.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாயகனாகத் தனியாகத் தோளில் சுமந்த படம் 2013இன் ‘ஜாக் த ஜயண்ட் ஸ்லேயர்’. ஏறக்குறைய 200 மில்லியன் டாலர் செலவில் எடுத்து, அந்தச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு வசூலாகாமல் கவிழ்ந்த படம். வேறு எதுவும் கையில் இல்லாத இளைஞனாக இருந்தால் அந்த ஒரு தோல்வி கதையை முடித்திருக்கும். ஆனால் அதே ஆண்டு ‘வார்ம் பாடீஸ்’ சிறிய செலவில் நல்ல லாபம் பார்த்தது. எக்ஸ்-மென் வரிசை பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2012இலேயே நமீபியப் பாலைவனத்தில் படமாக்கிய ‘ஃப்யூரி ரோடு’ வெளிவரக் காத்திருந்தது. கூட்டத்தில் ஒருவராக நடிக்கும் வேடங்கள் சில்லறைச் சேமிப்பு மாதிரி. விழும்போது அதுதான் கை கொடுக்கும்.

கிடைக்காத வேடங்கள்

‘த ஃபேவரிட்’ எழுதியவர்களில் ஒருவரான டோனி மெக்னமாரா, அடுத்து ‘த கிரேட்’ என்ற தொடரை உருவாக்கியபோது ஹோல்டையே ரஷ்யப் பேரரசர் மூன்றாம் பீட்டராகப் போட்டார். 2020 முதல் 2023 வரை மூன்று பருவங்கள். முட்டாள், கொடுங்கோலன், சில நேரம் பாவம் என்று தோன்றும் குழந்தை மனதுக்காரன். 2022இல் எம்மி பரிந்துரை கிடைத்தது. என் கணிப்பில் அவர் முழுசாகப் பெரியவரான வேடம் இதுதான். அதில் டோனி ஸ்டோனெமின் கொடூரமும் மார்கஸின் அப்பாவித்தனமும் ஒரே முகத்தில் இருந்தன.

வெளியே தெரியாத பக்கம் ஒன்று உண்டு. புதிய பேட்மேனுக்குக் கேமரா சோதனை வரை போனார்; ராபர்ட் பேட்டின்சனுக்குக் கிடைத்தது. ‘மிஷன்: இம்பாசிபிள்’ வரிசையில் வில்லனாக அறிவிக்கப்பட்டு, தேதி ஒத்துவராமல் விலக, எசாய் மொரேல்ஸ் வந்தார். சூப்பர்மேனுக்கும் ஆடிஷன் கொடுத்தார். டேவிட் கோரன்ஸ்வெட் தேர்வானார். அந்த ஆடிஷன் வழியாகத்தான் லெக்ஸ் லூதர் வந்தது. குழந்தை நட்சத்திரமாக இருந்தவர் 30 வயதுக்கு மேல் மற்றவர்களோடு வரிசையில் நின்று ஆடிஷன் கொடுத்துத் தோற்பது பரிதாபமான செய்தியாகத் தோன்றலாம். துறையின் பார்வையில் இது நேர் எதிர். அந்த வரிசையில் அவரைக் கூப்பிடுகிறார்கள் என்றாலே, ‘முன்னாள் குழந்தை நடிகர்’ என்ற அடைமொழி உதிர்ந்துவிட்டது என்று பொருள்.

திரையில் அவருக்குப் பெற்றோராக இருந்தவர்கள் இருவர் பின்னால் மறுபடி அவரோடு நடித்தார்கள். 2005இன் ‘த வெதர் மேன்’ படத்தில் அப்பாவாக வந்த நிக்கோலஸ் கேஜ், 2023இன் ‘ரென்ஃபீல்டு’ படத்தில் டிராகுலா. ஹோல்ட் அவருக்கு ஏவல் செய்யும் அடிமை. ‘அபௌட் எ பாய்’ தாயான டோனி கோலெட், 2024இல் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘ஜூரர் நம்பர் 2’ படத்தில் அரசு வழக்கறிஞர். ஹோல்ட் அதே வழக்கில் நடுவர் குழுவில் உட்கார்ந்திருக்கும், குற்றத்தை உள்ளே மறைத்துவைத்திருக்கும் ஆள். 22 ஆண்டு கழித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்தக் காட்சிகளில் அம்மாவும் பிள்ளையும் என்ற நினைப்பே எழவில்லை.

இப்போதைய பிள்ளைகளுக்கு இது பொருந்துமா

பாதி பொருந்தும். புதிய ஹாரி பாட்டர் மூவர் போவது ராட்கிளிஃபின் பாதையில். பல பருவங்களாகத் திட்டமிட்டிருக்கும் தொடர் அது. ஒரே முகத்தைப் பல ஆண்டு உலகம் பார்த்துக்கொண்டிருக்கும். கூடவே 2001இல் இல்லாத சமூக ஊடகம். சத்தமில்லாமல் வளரும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு.

ஓவன் கூப்பரின் நிலை ஹோல்டுக்கு நெருக்கமானது. ‘அடோலசன்ஸ்’ நாலே அத்தியாயம், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் எடுத்தது. வாரிங்டன் ஊர்ப் பையன், இதற்கு முன் திரையில் நடித்ததில்லை. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட 13 வயதுப் பிள்ளை என்ற வேடம் கன்னத்துக் குழியை நம்பியது இல்லை. அடுத்து ‘வதரிங் ஹைட்ஸ்’ படத்தில் சிறுவயது ஹீத்கிளிஃப். ஆனால் ஹோல்டுக்கு ‘கேஷுவல்ட்டி’ போன்ற தொடர்களில் பெயர் தெரியாமல் பழகும் ஆண்டுகள் இருந்தன. இவருக்கு முதல் வேடத்திலேயே எம்மி. பயிற்சியும் புகழும் ஒரே நாளில் தொடங்கியிருக்கின்றன.

தேதியில் மட்டும் ஒரு ஒற்றுமை. கூப்பரும் டிசம்பரில்தான் பிறந்தார், ஹோல்டுக்கு இருபது ஆண்டு கழித்து, 2009இல். ஆக, உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் இல்லாமல், ஷாபரோன் இல்லாமல் அவர் கேமரா முன்னால் நிற்கக்கூடிய காலம் தொடங்குவது 2026 ஜூன் 26, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.